உடைந்த தொட்டிக்குப் பின்னால்

கட்டிங் மாஸ்டர் ஒன்றைச் சொல்லி முடித்துவிட்டால் அந்த வீட்டில் அதற்கு மேல் பேச்சு இருப்பதில்லை. சட்டைத் தொழிற்சாலையிலும் அப்படித்தான். துணியை அடுக்கடுக்காக விரித்து, மேல் அடுக்கில் தட்டையான சாக்பீஸால் தோளும் கழுத்தும் கையும் வரைந்து, இரண்டடி பின்வாங்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு, வெட்டும் இயந்திரத்தைக் கையிலெடுப்பார். அவர் போட்ட கோட்டை அழிக்க முதலாளிக்கே கை வராது. அந்த சாக்பீஸ் எப்போதும் அவருடைய சட்டைப்பையில் இருக்கும். அதை வேறு யாரும் தொட்டதில்லை. தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டவர்கள் வேறு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நேர்கோட்டின் மீது அவருக்கிருந்த பிடிப்பு மாலையில் அவரோடு வீட்டுக்கும் வந்து சேரும். வாசலில் செருப்புகள் வரிசை பிசகக் கூடாது. கொடியில் காயும் துண்டுகளின் ஓரங்கள் ஒன்றுக்கொன்று ஒட்டி நிற்க வேண்டும். சுவரில் மாட்டிய நாட்காட்டி காற்றில் சாய்ந்தால், சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் எழுந்து போய் அதை நிமிர்த்திவிட்டு வந்துதான் அடுத்த வாய் சாப்பிடுவார். “என் மூக்கு கொஞ்சம் கோணல். கல்யாணத்துக்கு முன்னாடி இவர் அதைக் கவனிக்காம விட்டது என் அதிர்ஷ்டம்” என்று அவருடைய மனைவி வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்வாள். மாஸ்டர் அதைக் கேட்டுக் கோபப்பட்டதில்லை. கண்ணின் கூர்மைக்குக் கிடைத்த பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை மருமகளின் அப்பா தொலைபேசியில் அழைத்தார். மந்தாரை பூத்திருப்பதாக மாப்பிள்ளை சொன்னார், ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாமா என்று வழக்கமான தயக்கத்தோடு கேட்டார். “தாராளமா வாங்க சம்பந்தி, உங்க மரம்தானே” என்று சொல்லிவிட்டு, பேச்சு முடிந்ததும் மாஸ்டர் மனைவியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அந்தச் சிமிட்டலுக்கு ஒரு கதை உண்டு.

சம்பந்தி அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான உடம்பு, அதைவிட ஒல்லியான குரல். மகளுக்குக் கல்யாணமாகி அவள் இந்த வீட்டுக்கு வந்த புதிதில், ஒரு மந்தாரைக் கன்றை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்து இறங்கினார். முன்புறத் தோட்டத்தில், சுற்றுச்சுவருக்கும் வாசற்படிக்கும் நடுவே இருந்த வெற்றிடத்தில் அவரே குழி தோண்டினார். பிறகு, ஒட்டுச்செடி இது, காய் விடாது, குப்பை போடாது, பூ கருஞ்சிவப்பாக இருக்கும் என்றெல்லாம் ஏதோ சொன்னார். மாஸ்டர் அப்போது தொழிற்சாலையிலிருந்து வந்த அழைப்பில் இருந்தார். பட்டன் பட்டிக்கு எந்தத் துணி என்ற தகராறு. காதில் தொலைபேசியும் முகத்தில் புன்னகையுமாக, சம்பந்தி சொன்ன ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி வைத்தார்.

முதல் மழைக்குப் பிறகு செடியின் அடியிலிருந்து புதிதாக ஒரு தளிர் கிளம்பியது. அம்பு போல நேராக, கண் பார்க்க வளர்ந்தது. பழைய தண்டோ ஒரு பக்கமாகச் சாய்ந்து, இடுப்பு பிடித்துக்கொண்டவரைப் போல முறுக்கிக்கொண்டு நின்றது. மாஸ்டர் இரண்டையும் ஒரு விடுமுறை நாள் காலையில் எட்ட நின்று பார்த்தார். பிறகு உள்ளே போய், தொழிற்சாலையில் துணிக்கு ஆகாதென்று கழித்துப்போட, தாமே தீட்டி வைத்திருந்த பெரிய கத்தரியை எடுத்து வந்தார். ஒரே வெட்டு. கோணல் போயிற்று, நேர் நின்றது. அதற்குப் பிறகும் வெட்டிய இடத்தின் ஓரத்திலிருந்து அவ்வப்போது ஒரு துளிர் எட்டிப் பார்க்கும். பார்த்தவுடன் கிள்ளி எறிந்துவிடுவார்.

அந்த நேர்க்கிளைதான் மரமாயிற்று. மாடிக் கைப்பிடிச் சுவரை எட்டி, தெருவில் நிற்பவர்கள் தலைக்கு மேல் குடை பிடித்தது. போன வருடம் முதன்முறையாகப் பூத்தபோது, பூ கருஞ்சிவப்பாக இல்லை. துவைத்துத் துவைத்துச் சாயம் போன துணியைப் போல வெளிறிய ஓர் இளஞ்சிவப்பு. பூ உதிர்ந்ததும் கிளைகொள்ளாமல் காய்கள் தொங்கின. காய்ந்து வெடித்து வாசலெல்லாம் விதையாக இறைந்தன. “காய்க்காதுன்னு சொன்னாரே உங்க சம்பந்தி” என்றாள் மனைவி, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு. அப்போதுதான் மாஸ்டரின் வாயில் அந்த நகைச்சுவை பிறந்தது. “செடியையே மாத்திக் குடுத்திருக்கார்னா, ஆஸ்பத்திரியில எத்தனை பேருக்கு மாத்திரை மாத்திக் குடுத்தாரோ” என்றார். சாப்பாட்டு மேசையில் மகன் புரையேறும்படி சிரித்தான். மருமகள் எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போனாள்.

நன்றாக வந்த வெட்டை ஒருமுறையோடு விட்டுவிட மாஸ்டருக்கு மனம் வராது. தொழிற்சாலைத் தேநீர் இடைவேளையில் சொன்னார். எதிர்வீட்டில் இருக்கும் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவரிடம் சொன்னார். துணி தேய்த்துக் கொடுக்க வருபவரிடம், தண்ணீர்க் குழாய் சரிசெய்ய வந்தவரிடம், திருமண வீடொன்றில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒருவரிடம்கூடச் சொன்னார். சொல்லச் சொல்ல அதற்கு மெருகு ஏறியது. தலைவலிக்குப் போனவர் வயிற்றுப்போக்கோடு திரும்பி வருவது பின்னால் சேர்க்கப்பட்ட பகுதி. மருமகள் அருகில் இருக்கும்போது சொல்லக் கூடாது என்று அவருக்குத் தோன்றியதில்லை. அவள்தான் ஒரு வார்த்தை பேசாமல் லேசாகச் சிரித்துவிடுகிறாளே.

இந்தக் கதையின் நாயகர் இப்போது தாமே தேடி வருகிறார் என்பதுதான் அந்தக் கண்சிமிட்டலின் பொருள்.

சனிக்கிழமை தொழிற்சாலையில் அரைநாள் வேலை. விருந்தாளி வருவதால் வாசலைச் சீர்படுத்த மாஸ்டர் தாமே இறங்கினார். சருகுகளைக் கூட்டினார், தொட்டிகளை வரிசைப்படுத்தினார். மந்தாரையின் அடியில் வழக்கம்போல அந்த உடைந்த தொட்டி கிடந்தது. அது அவருடைய கண்ணில் நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்த முள். ஒரு பக்கம் பெயர்ந்த மண்தொட்டி; உள்ளே ஒன்றுமில்லை. தூக்கிப்போடச் சொன்னால் மருமகள் “சரி மாமா” என்பாள். அப்புறப்படுத்தவும் செய்வாள். அடுத்த நாள் அது அதே இடத்தில், அதே கோணத்தில், மரத்துக்கு முட்டுக்கொடுப்பது போல உட்கார்ந்திருக்கும். பல் மருத்துவமனையில் உதவியாளராக அவ்வளவு ஒழுங்காக வேலை பார்க்கிற பெண்ணுக்கு இதில் மட்டும் என்ன மறதி என்று அவர் வியந்ததுண்டு.

இன்று அவரே குனிந்து தொட்டியைத் தூக்கினார்.

பின்னால், மரத்தை ஒட்டி, ஒரு சாண் உயரத்தில் ஒரு சிறு குச்சி நின்றது. மாட்டுக் குளம்பு பதிந்தது போல நுனி பிளந்த இலைகள் நாலைந்து. உச்சியில் ஒரு பூ. மேலிருந்து விழுந்து சிக்கிக்கொண்டதாக்கும் என்று எடுக்கப் போனார். பூ வரவில்லை; குச்சி அசைந்தது. பிறகுதான் நிறம் உறைத்தது. வெளிறல் இல்லை. முதல் தண்ணீர் படாத புதுத்துணியின் கருஞ்சிவப்பு.

மாஸ்டர் மண்ணில் முழங்காலிட்டார். மரத்தின் அடியில் ஒட்டியிருந்த மண்ணைக் கட்டைவிரலால் துடைத்தார். பட்டையின் குறுக்கே சாய்வாக ஒரு தழும்பு தெரிந்தது. தழும்புக்குக் கீழே ஒரு பட்டை, மேலே வேறொரு பட்டை. இரண்டு துணி சேர்கிற இடத்தை அடையாளம் காண அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தழும்புக்கு மேலே ஒரு குட்டையான கட்டை. அதிலிருந்துதான் அந்தக் குச்சி கிளம்பியிருந்தது. கட்டையின் முகத்தில் ஒரு வெட்டு, பிசிறில்லாமல், ஒரே அழுத்தில் விழுந்த வெட்டு. தம் கையெழுத்தைத் தெருவில் கிடக்கும் காகிதத்தில் பார்த்தவர் போல மாஸ்டர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாடிவரை போன அந்த அழகான நேர்மரம், தழும்புக்குக் கீழேயிருந்து கிளம்பியிருந்தது.

அன்று ஒரு காதில் தொலைபேசி இருந்தபோது மறுகாதில் விழுந்தது இத்தனை வருடம் கழித்து முழுதாகக் கேட்டது. ‘கீழேருந்து எது வந்தாலும் கிள்ளிடுங்க சம்பந்தி. மேல இருக்கறதுதான் செடி. கோணலா இருக்கேன்னு பார்க்காதீங்க, நிமிர்ந்துடும்.’

வாசற்கதவு திறக்கும் சத்தம் கேட்டுத் திரும்பினார். மருமகள் வேலையிலிருந்து வந்துகொண்டிருந்தாள். முதலில் அவள் பார்த்தது மாமனாரை அல்ல, நகர்ந்திருந்த தொட்டியை. பிறகு அவருடைய கைகளை. அந்தப் பார்வை சட்டென்று குச்சியில் போய் நின்று, அது இருக்கிறது என்று தெரிந்ததும் தளர்ந்தது. ஆடு மேயவரும் இடத்தில் நாற்று வைத்தவர்கள் பார்க்கும் பார்வை அது. அந்த ஆடு தாம்தான் என்பது மாஸ்டருக்கு விளங்க நேரமாகவில்லை.

“உனக்கு எப்பலேருந்து தெரியும்மா?”

“நீங்க வெட்டின அன்னைக்கே தெரியும் மாமா.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

அவள் தோள்பையைக் கழற்றிப் படியில் வைத்தாள். “அப்ப நான் வந்து ஒரு மாசம்கூட ஆகலை. மாமனார் செஞ்சது தப்புன்னு சொல்ல வாய் வரலை. உங்க பிள்ளைகிட்ட சொன்னேன். ‘எங்கப்பாகிட்ட யார் சொல்றது, நீயே சொல்லு’ன்னு சிரிச்சிட்டார். பூத்ததும் தானா தெரிஞ்சுடும்னு இருந்தேன். பூத்தப்ப நீங்க…” என்று நிறுத்தினாள்.

அவர் என்ன செய்தார் என்பது இருவருக்கும் தெரியும்.

“எல்லாரும் சிரிச்சாங்க மாமா. அதுக்கப்புறம் சொன்னா உங்களைப் பார்த்துச் சிரிப்பாங்க. அதான் துளிர் வந்ததும் தொட்டியை வெச்சேன்.”

“இது எந்த நர்சரி? புதுசா ஒண்ணு வாங்கிடலாம். நாளைக்கு அவர் வர்றதுக்குள்ள…”

“வாங்கினது இல்ல மாமா. எங்கம்மா வெச்ச மரத்தோட கிளை. அம்மா போனதுக்கப்புறம் நாங்க இருந்த வாடகை வீட்டை வீட்டுக்காரர் வித்துட்டார். வாங்கினவங்க மரத்தை எடுக்கப் போறாங்கன்னு தெரிஞ்சதும் அப்பா ஒட்டு போடக் கத்துக்கிட்டார். நிறைய போட்டார். எல்லாம் காஞ்சு போச்சு. இது ஒண்ணுதான் பிடிச்சது. அண்ணன் வீடு மூணாவது மாடி, மண்ணு கிடையாது. அதனால இங்க கொண்டு வந்தார்.” சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. இருந்திருந்தால் மாஸ்டருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைத்திருக்கும்.

அன்றிரவு சாப்பாட்டின்போது நாட்காட்டி சாய்ந்தே இருந்தது. “என்னங்க, தொழிற்சாலையில யாராவது கோணலா வெட்டிட்டாங்களா? மூஞ்சி இப்படி இருக்கு” என்று மனைவி கேட்டாள். ஆமாம் என்றார். யார் என்று கேட்டதற்கு, கை கழுவ எழுந்து போனார்.

சம்பந்தி வந்ததும் வாசலிலேயே உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் மாஸ்டர் முடிவு செய்திருந்தார். காலையில் முகம் மழிக்கும்போது கண்ணாடியிடம் ஒத்திகைகூடப் பார்த்தார். எந்த வாக்கியத்தை எடுத்தாலும் அது பாதியில் வளைந்து, மழையின் மீதோ தொழிற்சாலை அழைப்பின் மீதோ போய்ச் சாய்ந்தது. எப்படியும் வாய் திறந்தால் வந்துவிடும் என்று நம்பிக்கொண்டு, தொட்டியை ஒதுக்கி வைத்துவிட்டு மரத்தடியில் காத்திருந்தார். தெருமுனையில் ஆட்டோ திரும்பும் சத்தம் கேட்டது. வாசலில் வந்து நின்றது. சம்பந்தியின் ஒல்லியான கால் ஒன்று வெளியே நீண்டது. அந்தக் கணத்தில் மாஸ்டரின் கால், அவரைக் கேட்காமலேயே, தொட்டியைத் தள்ளி அதன் பழைய இடத்தில் பொருத்தியது. நிமிர்ந்தபோது மருமகள் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவள் பார்த்துவிட்டாள். பார்த்ததைக் காட்டிக்கொள்ளாமல் அப்பாவின் பையை வாங்கக் கீழே இறங்கினாள்.

சம்பந்தி பையைத் தரவில்லை, தாமே வைத்துக்கொண்டார். அதில் என்ன என்று மாஸ்டரின் மனைவி விளையாட்டாகக் கேட்டதற்கு, கூச்சத்தோடு திறந்து காட்டினார். காகிதத்தில் சுற்றிய பிளேடு, ஒட்டுக்கட்டும் பிளாஸ்டிக் நாடா, ஈரத்துணி. மொட்டைமாடியில் பெரிய தொட்டி ஒன்று வைத்துக்கொள்ள மகன் ஒருவழியாக ஒத்துக்கொண்டானாம். இந்த மரத்திலிருந்து ஒரு குச்சி எடுத்துக்கொண்டுபோய் அங்கே ஒட்டு கட்டிப் பார்க்கலாமென்று வந்தாராம். “உங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னா” என்று சேர்த்துக்கொண்டார்.

பிறகு அண்ணாந்து பார்த்தார்.

மரம் நிறையப் பூ. காலை வெயிலில் வெளிறிய இளஞ்சிவப்பு, கிளைக்குக் கிளை. சம்பந்தி வெகுநேரம் பார்த்தார். கீழே கிடந்த ஒரு பூவை எடுத்து, காலாவதித் தேதி தேடுகிறவரைப் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலைக்கு மேல் தொங்கிய ஒரு காயைத் தொட்டார். மாஸ்டரின் தொண்டைக்குள் காலையில் ஒத்திகை பார்த்த வாக்கியங்களெல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. ஒன்றும் வெளியே வரவில்லை.

வெளியே வந்தது வேறொரு குரல். எதிர்வீட்டுக்காரர் பயிற்சிக் காரைத் தெருவில் நிறுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, மனத்தில் ஒன்றும் இல்லாமல், நல்ல உற்சாகமாகக் கேட்டார்: “மாஸ்டர், இவர்தானா அந்த மாத்திரை மாத்திக் குடுத்த சம்பந்தி?”

மாஸ்டரின் காதுகள் கொதித்தன. மனைவி தேநீர்த் தட்டோடு படியில் நின்றுவிட்டாள்.

சம்பந்தி எதிர்வீட்டுக்காரரை மரியாதையாகப் பார்த்தார். “மாத்திரை மாத்திக் குடுத்ததில்லைங்க. இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட இல்ல” என்றார். பிறகு கையிலிருந்த பூவைப் பார்த்தார். “இதுலதான் தவறிட்டேன் போலிருக்கு.” மகளிடம் திரும்பினார். “மேல கட்டின ஒட்டு பிடிக்காம, கீழ இருந்த அடிச்செடி வளர்ந்திருக்கும்மா. நான் கட்டினது சரியில்ல. உங்கம்மா மரம் அவ்வளவுதான்.”

மருமகள் மாமனாரைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, இதையும் தாங்கிக்கொள்ளத் தயாரானவளாக நின்றாள். அதுதான் மாஸ்டரின் வாயைத் திறந்தது.

“சம்பந்தி, நீங்க கட்டினது சரியாத்தான் இருந்தது. வெட்டினது நான்.”

குனிந்து தொட்டியைத் தூக்கினார்.

கருஞ்சிவப்புப் பூ நேற்றைவிடக் கொஞ்சம் வாடியிருந்தது. எதிர்வீட்டுக்காரர் அதையும் சம்பந்தியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கார் துடைத்த துணியைப் பிழிந்துகொண்டே சத்தமில்லாமல் நழுவினார். சம்பந்தி ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல மண்டியிட்டார். பூவைத் தொடவில்லை. தழும்பின் மீது நகத்தை ஓட்டினார், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை. “ஒட்டு நல்லா பிடிச்சிருக்கு” என்றார், தமக்கே சொல்லிக்கொள்வது போல. கட்டையின் வெட்டுமுகத்தைத் தடவினார். “வெட்டு சுத்தமா இருக்கு. பிளந்திருந்தா உள்ள தண்ணி இறங்கி அழுகியிருக்கும். அதனாலதான் பொழைச்சிருக்கு.”

மாஸ்டர் வாழ்நாளில் தம் வெட்டுக்கு எத்தனையோ பாராட்டு வாங்கியவர். எதுவும் இப்படி அறைந்ததில்லை.

“அந்த மாத்திரைப் பேச்சும் நான் கிளப்பினதுதான்” என்றார். தப்பித்துக்கொள்ள இனி இடம் வைக்கக் கூடாது என்று தோன்றியது.

“தெரியும். மாப்பிள்ளை சொன்னார். சிரிப்பா இருக்கேன்னுதான் சொன்னார்.” சம்பந்தி இன்னும் தழும்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “நானும் சிரிச்சேன். அப்புறம் சும்மா உட்கார்ந்திருக்கறப்ப பழசெல்லாம் யோசிக்க ஆரம்பிச்சுட்டேன். செடியிலயே தவறியிருந்தா, அங்க தவறலைன்னு எப்படிச் சொல்றது? யார் யாரோ முகம் ஞாபகத்துக்கு வருது. அந்தக் குழந்தைக்கு எந்த மருந்து குடுத்தேன், இந்தப் பாட்டிக்கு எது குடுத்தேன்னு. அதான், பூவைப் பார்த்துடணும்னு வந்தேன்.”

மாஸ்டரின் மனைவி தேநீர்த் தட்டைப் படியில் வைத்தாள். சாப்பாட்டு மேசையில் அவளும்தான் சிரித்திருந்தாள்.

மன்னிப்புக் கேட்க மாஸ்டருக்குத் தெரியவில்லை. பழக்கமில்லாத வேலை. சம்பந்தியைத் தூக்கிவிடக் கை நீட்டினார். சம்பந்தி மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மாஸ்டர் சட்டைப்பையில் நுழைத்தார். விரலில் சாக்பீஸ் பட்டது.

“இது வளர என்ன செய்யணும்?” என்று கேட்டார்.

“மேல இருக்கறதை எடுக்கணும். எடுக்கலைன்னா சத்தெல்லாம் அதுக்கே போயிடும், இது இப்படியே குச்சியா நிக்கும். ஒட்டுக்குன்னு இந்தக் குச்சியில இப்ப கை வைக்க முடியாது. ஆனா நல்லா நிழல் தர்ற மரம், பூத்து நிக்குது. உங்க வீடு, உங்க இஷ்டம்.”

மாஸ்டர் பின்கட்டுக்குப் போய்க் கைரம்பத்தோடு வந்தார். மரத்தைப் பார்த்தார். எங்கே வெட்டுவது என்று யாரையும் கேட்டறியாத மனிதர், சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்துச் சம்பந்தியிடம் நீட்டினார். “கோடு போடுங்க. எந்த இடம்னு எனக்குத் தெரியலை.”

சம்பந்தி அதை வாங்கிக்கொள்ளவில்லை. “அவகிட்ட குடுங்க. அவதானே காப்பாத்தி வெச்சிருந்தா.”

மருமகள் வாங்கினாள். தழும்புக்குக் கீழே, நேர்மரம் பிரிகிற இடத்தில், அப்பா விரல் வைத்துக் காட்டிய வழியாகக் கோடு போட்டாள். பட்டையின் கரடுமுரடில் கோடு இரண்டு இடத்தில் வளைந்துவிட்டது. அவள் அழிக்கப் போனாள். “வேண்டாம்மா, இருக்கட்டும்” என்றார் மாஸ்டர். அந்த வளைவுகளோடு சேர்த்தே அறுப்பதென்று ரம்பத்தை எடுத்தார்.

முதலில் ஏணி வைத்து மேல்கிளைகளைக் கழித்தார். பூவும் காயுமாகக் கிளைகள் சரிந்து விழுந்தன. ஒவ்வொன்று விழும்போதும் மருமகள் அந்த உடைந்த தொட்டியைக் குச்சிக்கு மேலே கவிழ்த்துப் பிடித்துக்கொண்டாள். சம்பந்தி படியில் உட்கார்ந்து, ஆறிப்போன தேநீரைக் குடித்தார். ஞாயிற்றுக்கிழமைத் தெருவில் ஆள் நடமாட்டத்துக்குக் குறைவில்லை. பூத்த மரத்தை வெட்டுகிறார்களே என்று போகிறவர் வருகிறவரெல்லாம் ஒரு நொடி நின்றார்கள்.

கிளைகள் முடிந்து, கோட்டில் ரம்பம் இறங்கத் தொடங்கியபோது துணி தேய்ப்பவர் மூட்டையோடு வந்தார். சுவரோரம் நின்று, “என்ன மாஸ்டர், நல்லா இருந்த மரத்துக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டார்.

“பூச்சி விழுந்துடுச்சு” என்று மாஸ்டரின் வாய் சொன்னது. அவ்வளவு சுலபமாக, அவ்வளவு நேராக வந்தது அந்தப் பொய். துணி தேய்ப்பவர் உச்சுக்கொட்டிவிட்டு நடந்தார். ரம்பம் இரண்டு இழுப்பு இழுத்தது, நின்றது. படியில் இருந்தவர் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டியைப் பிடித்திருந்தவள் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருவருக்கும் நன்றாகக் காது கேட்கும்.

மாஸ்டர் ரம்பத்தை மரத்திலேயே விட்டுவிட்டு வாசற்கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கினார். மரத்தூள் ஒட்டிய வேட்டியோடு, ஏறக்குறைய ஓடி, துணி தேய்ப்பவரை மறித்தார்.

“பூச்சி இல்லைங்க. நான்தான் நல்ல செடியை வெட்டிட்டு, வேண்டாததை வளர்த்தேன். பழியை எங்க சம்பந்தி மேல போட்டேன். மாத்திரை மாத்திக் குடுத்தார்னு உங்ககிட்ட ஒரு தடவை சொன்னேனே, அது பொய். அவர் எதையும் மாத்திக் குடுக்கலை.”

துணி தேய்ப்பவர் மூட்டையை மறு தோளுக்கு மாற்றினார். “நீங்க எப்ப சொன்னீங்க? எனக்கு ஞாபகம் இல்லையே மாஸ்டர்” என்றார். பிறகு, எதற்கு இதையெல்லாம் தம்மிடம் சொல்கிறார் என்று விளங்காமல், “சரி, விடுங்க. வீட்டுக்கு வீடு இருக்கறதுதான்” என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

மாஸ்டர் நடுத்தெருவில் நின்றார். எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அங்கே போய்த் தட்ட வேண்டும். நாளைக்குத் தொழிற்சாலையில், தேநீர் இடைவேளையில், வெட்டுமேசையைச் சுற்றி நிற்பவர்கள் முன்னால் சொல்ல வேண்டும்; அவர்களுக்கு அது மிகவும் பிடித்த கதை. குழாய் சரிசெய்ய வந்தவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று விசாரிக்க வேண்டும். திருமண வீட்டில் பக்கத்து நாற்காலியில் இருந்தவரின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்ட கைக்குட்டை மட்டும் நினைவு வந்தது, முகம் வரவில்லை. அவர் அதை எத்தனை வீட்டுக்குக் கொண்டுபோனாரோ.

திரும்பி வந்து ரம்பத்தைப் பிடித்தார். கோட்டின் முதல் வளைவு வந்திருந்தது. மருமகள் தொட்டியைக் கொஞ்சம் சாய்த்து, அவருக்கு இடம் விட்டுப் பிடித்தாள்.